வெங்காயம் இல்லாத ரவா தோசை

போன ஞாயிற்றுக்கிழமை என் மகள் என்னைக் காரில் உட்கார வைத்து ஐம்பது வருஷம் பின்னால் கூட்டிக்கொண்டு போனாள். அழகர்கோவில் ரோட்டில் புதிதாக ஒரு ஹோட்டல் திறந்திருக்கிறார்கள். அந்தக் காலத்து காபி கிளப் மாதிரியே செய்து வைத்திருக்கிறார்களாம். "ரெட்ரோப்பா. நீங்க பாத்தீங்கன்னா அழுதுருவீங்க" என்றாள். எனக்கும் அழுது நாளாகிவிட்டது, சரி என்று கிளம்பினேன்.

செய்துதான் வைத்திருக்கிறார்கள். நல்ல சுவருக்குப் பூச்சு பூசி, பிறகு ஆள் வைத்து அதைச் சுரண்டியிருக்கிறார்கள். பாடாத ரேடியோ, ஓடாத கடிகாரம், செயின் இல்லாத சைக்கிள். 'இங்கு அரசியல் பேசாதீர்' என்று ஒரு தகரப் பலகை வேறு. யார் பேசப் போகிறார்கள்? ஆளாளுக்கு அந்தப் பலகையோடு நின்று போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். கைலியும் முண்டா பனியனும் போட்ட சப்ளையர் வந்து "வெல்கம் சார்" என்று குனிந்தார். அந்தக் காலத்தில் எந்தக் கிளப்பில் ஐயா சப்ளையர் குனிந்தார்? கை கழுவப் போகிறவன் யார் என்று பார்த்து அவன் முதுகுக்குப் பின்னால் போய் நின்றுகொள்வோம். அதுதான் வரவேற்பு.

முதலில் டீ வந்தது. சிரட்டையில். தேங்காய்ச் சிரட்டையைத் தேய்த்து மினுக்கி, நிற்பதற்கு அடியில் ஒரு வளையமும் வைத்திருக்கிறார்கள். "எம்புட்டு அழகா இருக்கு பாருங்கப்பா" என்றாள் மகள். அழகுதான். மேலூருக்குப் பக்கத்தில் எங்கள் ஊர் டீக்கடையிலும் நான் சின்னப்பிள்ளையாக இருந்தபோது சிரட்டை உண்டு. ஊர்க்காரர்களுக்குக் கிளாஸ், ஊருக்கு வெளியே இருந்த எங்கள் தெருக்காரர்களுக்குச் சிரட்டை. கடைக்குப் பின்னால் வேலியில் செருகியிருக்கும். நாமே எடுத்து, நாமே கழுவி, ஏந்திப் பிடித்தால் மேலேயிருந்து ஊற்றுவார்கள். வளையமெல்லாம் கிடையாது. நாங்கள் அப்போதே இயற்கையோடு ஒட்டி வாழ்ந்திருக்கிறோம். விவரம் தெரியாமல் வருத்தப்பட்டுக்கொண்டிருந்திருக்கிறோம். மகளுக்கு இதெல்லாம் தெரியும், பாடப் புத்தகத்தில் படித்த மாதிரித் தெரியும்.

அடுத்து 'ஏழைகளின் அமுதம்' வந்தது. மண்சட்டியில் பழைய சோறு, அதில் மோர், பக்கத்தில் வாழையிலைத் துண்டில் உரித்த சின்ன வெங்காயம் ஐந்து. ஒன்றைக் கடித்தேன். காரம் மூக்கில் ஏறிக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "சொன்னேன்ல, அழுவீங்கன்னு!" என்று மகளுக்கு ஒரே சந்தோஷம். இருக்கட்டும். வெங்காயத்துக்கு அழுதால் யாரும் காரணம் கேட்கமாட்டார்கள்.

உங்களிடம் சொல்வதற்கென்ன, நான் ஒரு காலத்தில் ஏழு வருஷம் ஊரறிய வெங்காயம் தொடாமல் இருந்தவன்.

எழுபத்து நாலில் சர்க்கார் ஆபீஸ் ஒன்றில் கிளார்க் வேலை கிடைத்து மதுரைக்கு வந்தேன். ஆரப்பாளையத்தில் ரூம். ரூமுக்குள் அடுப்பு மூட்டக்கூடாது என்பது வீட்டுக்காரர் சட்டம். ஆகவே காலை டிபன் வெளியில்தான். மேலமாசி வீதியிலிருந்து பிரியும் ஒரு சந்தில் சைவ காபி கிளப் ஒன்று இருந்தது. போர்டில் முன்பாதிப் பெயிண்ட் உதிர்ந்துபோய் 'விலாஸ்' மட்டும் மிஞ்சியிருந்ததால் எல்லோருக்கும் அது விலாஸ். முன்னால் என்ன விலாஸ் என்று முதலாளிக்கே ஞாபகம் இருந்ததா என்று எனக்குச் சந்தேகம். பளிங்குக்கல் பதித்த ஆறு மேஜை, ஒவ்வொன்றுக்கும் நாலு நாற்காலி, காற்றைவிடச் சத்தத்தை அதிகமாகத் தரும் ஒரு மின்விசிறி.

வேலையில் சேர்ந்த அன்று காலையில் முதன்முதலாக அங்கே போனேன். "மொதல்ல மீனாச்சியக் கும்பிட்டுட்டுத்தான் ஆபீஸ் வாசல மிதிக்கணும்" என்று அம்மா சொல்லி அனுப்பியிருந்தாள். கும்பிட்டுவிட்டு நெற்றி நிறைய விபூதியோடு மூன்றாம் நம்பர் மேஜையில் உட்கார்ந்தேன். சப்ளையர் மாணிக்கம் அண்ணன் மூச்சு விடாமல் ஒப்பித்ததில் எனக்கு 'ரவா' மட்டும்தான் காதில் நின்றது. அதுவரை சாப்பிட்டதில்லை. "ரவா" என்றேன்.

"ஆனியன் ரவாவா?"

"வெங்காயமே வேண்டாம்" என்றேன். கொஞ்சம் அழுத்தமாகவே சொன்னேன்.

ஏன் சொன்னேன் என்று கேளுங்கள். எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து எங்கள் வீட்டில் கஞ்சிக்கு வெங்காயம், கூழுக்கு வெங்காயம், களிக்கு வெங்காயம். கல்யாண வீட்டுக்கும் கருமாதி வீட்டுக்கும் போனால்தான் தொட்டுக்கொள்ள வேறு வெஞ்சனத்தின் முகத்தைப் பார்ப்போம். சம்பளம் வாங்கும் மனிதனாகிவிட்டால் இந்தச் சனியனைக் கண்ணால் பார்க்கக்கூடாது என்று பத்து வயதிலேயே சபதம் எடுத்திருந்தேன். அந்தச் சபதத்தைத்தான் அன்று நிறைவேற்றினேன்.

மாணிக்கம் அண்ணன் என் நெற்றியைப் பார்த்தார். வெங்காயம் வேண்டாம் என்று சொன்ன வாயைப் பார்த்தார். அவர் முகத்தில் ஒரு பயபக்தி வந்தது. உள்ளே திரும்பி, "மூணாம் நம்பர்ல ஒரு ரவா, வெங்காயமில்லாம! கல்லக் கழுவிட்டு ஊத்து!" என்று கத்தினார். கல்லைக் கழுவச் சொல்லி நான் கேட்கவில்லை. ஆனால் கழுவுகிறவரைத் தடுக்கவும் இல்லை, பாருங்கள், அங்கேதான் என் யோக்கியதை இருக்கிறது.

விலாஸில் ஒரு சட்டம் உண்டு. எழுதாத சட்டம். முதல் இரண்டு நாள் நீங்கள் எதைச் சாப்பிடுகிறீர்களோ அதுதான் ஆயுசுக்கும் உங்களுடையது. மூன்றாம் நாள் உட்கார்ந்தால் கேட்காமலே வந்துவிடும். 'என்ன வேணும்?' என்று மாணிக்கம் அண்ணன் கேட்பது பஸ்ஸுக்குக் காத்திருக்கும் வெளியூர்க்காரர்களைத்தான். வாடிக்கைக்காரனை அப்படிக் கேட்டால் அது அவமானம். எனக்கு எதிரில் உட்கார்ந்த ரிட்டயர்டு ஹெட்மாஸ்டருக்கு டாக்டர் நெய்யை நிறுத்தச் சொல்லியிருந்தார். ஆனாலும் நெய்ப்பொங்கல்தான் வந்தது, அவரும் சாப்பிட்டார். டாக்டர் சொல்லை மீறலாம், மாணிக்கம் அண்ணனை எப்படி மீறுவது?

ஹெட்மாஸ்டரை எல்லோரும் ஹெச்செம் சார் என்போம். அவர் பக்கத்தில் இன்ஷூரன்ஸ் ஏஜெண்ட் பாலு. என்னைவிட இரண்டு வயது பெரியவர், ஆனாலும் முதல் வாரத்திலேயே "வாங்க மாப்ள" என்று ஆரம்பித்துவிட்டார். நாங்கள் மூன்று பேரும் மூன்றாம் நம்பர். ஏழரை மணிக்கு எங்கள் நாற்காலிகளுக்கு எதிரே மாணிக்கம் அண்ணன் ஆளுக்கொரு டம்ளரைக் கவிழ்த்து வைத்துவிடுவார். கவிழ்த்த டம்ளருக்கு முன்னால் வேறு ஆள் உட்காரமாட்டான். மந்திரிக்குக்கூட அப்படி இடம் பிடித்து வைத்திருப்பார்களா என்று எனக்கு நெஞ்சு நிமிரும்.

மதுரையில் நாகரிகமான மனிதர்கள் யாரும் என்ன சாதி என்று கேட்கமாட்டார்கள். ஊர் எது என்பார்கள். பிறகு ஊரில் எந்தத் தெரு, குலதெய்வம் எது, நிலபுலம் உண்டா. மெயின் ரோட்டில் போகாமல் சுற்றுவழியில் வந்து அதே இடத்தில் இறங்குவார்கள். ஹெச்செம் சாரும் சுற்றினார்.

"சொந்த ஊரு?"

"மேலூர்ப் பக்கம் சார்."

"அப்பா?"

"விவசாயந்தான் சார். எந்நேரமும் வயல்லதான் கெடப்பாரு."

"ஓ, நேரடியா பார்வை பாக்குறாராக்கும். அதான் சரி. குத்தகைக்கு விட்டா நெலமும் போச்சு, மரியாதையும் போச்சு."

அவ்வளவுதான். ஒரே நாளில் எங்கள் அப்பாவை மிராசுதார் ஆக்கிவிட்டார். நானும் வேண்டாம் என்று சொல்லவில்லை. என் பெயரோ முருகனின் பெயர்களில் ஒன்று, எல்லோருக்கும் பொது. மீதியை விபூதியும் வெங்காயமும் பார்த்துக்கொண்டன.

ஒரு மாதத்தில் நிலைமை முற்றிப்போனது. வெங்காயம் பட்ட கல்லில் எனக்கு ஊற்றக்கூடாது என்று எனக்காக ஓரத்தில் ஒரு சின்னக் கல்லை ஒதுக்கிவிட்டார்கள். "தம்பிக்குத் தனிக் கல்லு" என்று மாணிக்கம் அண்ணன் புது ஆட்களிடம் பெருமையாகச் சொல்வார். எங்கள் ஊரிலும் எங்களுக்குத் தனிதான், இங்கேயும் தனிதான். ஆனால் இந்தத் தனிக்கு மற்றவர்கள் எழுந்து வழிவிட்டார்கள். ருசி கண்ட பூனை என்பார்களே, அது நான்தான்.

இதில் என் பாடு என்னவென்றால், மூன்றாவது மாதமே எனக்கு வெங்காய ஆசை வந்துவிட்டது. வேண்டாம் வேண்டாம் என்று விட்ட சனியன் பக்கத்துத் தட்டில் பொன்னிறமாக உட்கார்ந்துகொண்டு என்னைக் கூப்பிட்டது. பாலுவுக்கு ஆனியன் ஊத்தப்பம். நான் மூச்சை இழுத்து இழுத்து அந்த வாசனையைத் தொட்டுக்கொண்டு என் வெறும் ரவாவை விழுங்குவேன். "வாசன ஒத்துக்கலையா மாப்ள? தள்ளி வச்சுக்கவா?" என்று அந்த மனுஷர் அக்கறையாகத் தட்டை நகர்த்துவார். சனிக்கிழமை மேலூர் பஸ் பிடித்து வீட்டுக்குப் போனதும் முதலில் வெங்காயக் கூடையில்தான் கை வைப்பேன். "மதுரையில வெங்காயத்துக்குமா பஞ்சம் வந்திருச்சு?" என்பாள் அம்மா.

கேலியாகச் சொல்லிக்கொண்டு போகிறேன், ஆனால் ஒன்றைச் சொல்லாவிட்டால் வாய் புழுத்துப்போகும். ஹெச்செம் சார் எனக்குச் செய்தது கொஞ்சநஞ்சமில்லை. டிபார்ட்மெண்ட் பரீட்சைக்கு இங்கிலீஷில் கடிதம் எழுத அவர்தான் சொல்லிக்கொடுத்தார். காபி ஆறும்வரை என் நோட்டில் சிவப்புப் பென்சில் ஓடும். நான் பாஸானபோது விலாஸ் முழுக்கக் கேசரி வாங்கிக் கொடுத்தார். விலாஸில் ஒரே பேப்பர்தான். தாள் தாளாகப் பிரித்துப் போவது வழக்கம். தலையங்கத் தாளை அவர் படித்துவிட்டு மடித்து என் கையில் கொடுப்பார். வேறு யாருக்கும் கொடுக்கமாட்டார். ஒருநாள் சிவப்புப் பென்சிலும் கையுமாகச் சொன்னார்: "இப்போ ஆபீஸ்லயெல்லாம் யார் யாரோ கோட்டாவுல வந்து ஒக்காந்துர்றான். ஒரு லெட்டர் எழுதத் தெரியுதா? ஒங்கள மாதிரி வழிவழியாப் படிச்ச குடும்பத்துப் பிள்ளைகள விரல் விட்டு எண்ணிரலாம்." சொல்லிக்கொண்டே என் கடிதத்தில் ஏழு தப்பைச் சுழித்தார். வழிவழியாகப் படித்த என் அப்பா அதே வாரம்தான் ரேஷன் கடையில் கைநாட்டு வைத்துவிட்டு வந்திருந்தார். நான் "ஆமா சார்" என்றேன். வாயில் ரவா தோசை இருந்தது, அதனால் சரியாகக் கேட்டிருக்காது என்று பிறகு என்னை நானே தேற்றிக்கொண்டேன்.

இப்படி ஏழு வருஷம். தெரிந்துவிட்டால் என்ன ஆகும் என்ற பயம் தினமும் ஏழரைக்கு என்னோடு கூடவே வந்து உட்காரும். அந்த நாற்காலியும், மாப்ள என்ற அழைப்பும், மடித்த தாளும் போய்விடும் என்ற பயம். எனக்கு அந்த ஊரில் வேறு உறவு இல்லை. அதனால் வாயைத் திறக்காமல் தின்றேன்.

எண்பத்தொன்றில் ஒரு காலை. பாதித் தோசையில் இருக்கிறேன். ஹெச்செம் சார் வாசலைப் பார்த்து, "யாரோ ஒங்களையே பாத்துக்கிட்டு நிக்கிறாரே தம்பி" என்றார்.

எங்கப்பா. எதிர்ச் சாரியில், சந்து முனையில், வண்டிச் சக்கரம் சுவரை உரசாமல் இருக்க நட்ட கல்லுக்குப் பக்கத்தில் நின்றார். கையில் மஞ்சப்பை, துண்டு கக்கத்தில். கண்ணில் புரை விழுந்திருக்கிறது, பெரியாஸ்பத்திரியில் காட்ட வேண்டும், வாரேன் என்று சொல்லியிருந்தார். எனக்குத்தான் கிழமை மறந்துபோயிற்று. ரூமில் கேட்டுக்கொண்டு விலாஸ் வரைக்கும் வந்துவிட்டார். மங்கிய கண்ணால் என்னைத் தேடிக் கண்டுபிடித்து, "தம்பி" என்று ஒரு தடவை கூப்பிட்டார். படியேறவில்லை.

"ஊர்க்காரரா?" என்றார் ஹெச்செம் சார்.

"ஆமா சார்."

"வயல்ல வேல பாக்குறவரா?"

"ஆமா சார்."

"தம்பிங்கிறாரே, சின்னதுல தூக்கி வளத்தவரா இருக்கும். அந்தக் காலத்து ஆளுக பாசமே தனி" என்று அவரே முடித்து வைத்தார். நான் சொன்னதில் ஒரு பொய் கிடையாது. உண்மையை மட்டும் பேசி இவ்வளவு கேவலமாக நடந்துகொள்ள முடியும் என்று அன்றுதான் தெரிந்தது.

"மாணிக்கம், வெளிய நிக்கிற பெரியவருக்கு ஒரு காபி குடு. பாவம், காலங்காத்தால வந்திருக்காரு" என்றார். ஹெச்செம் சார் இரக்கமுள்ளவர். மாணிக்கம் அண்ணனும் இரக்கமுள்ளவர், உடனே எடுத்துக்கொண்டு போனார். டவரா டம்ளரில் இல்லை. பின்கட்டு ஜன்னலில் ஒரு கண்ணாடிக் கிளாஸ் இருந்திருக்கிறது. ரிக்‌ஷாக்காரர்கள், குப்பை வண்டிக்காரர்களுக்காக. ஏழு வருஷம் தினமும் போன எனக்கு அப்படி ஒரு கிளாஸ் இருப்பதே தெரியாது. வெளியே அப்பா குடித்தார். மாணிக்கம் அண்ணன் நின்று இரண்டு வார்த்தை பேசினார். நான் மீதித் தோசையைத் தின்று முடித்தேன். ஆமாம், முடித்தேன். மிச்சம் வைத்தால் சந்தேகம் வரும் என்று ஒரு கணக்கு.

பிறகு ஆஸ்பத்திரிக்கு இருவரும் நடந்தோம். வைகைப் பக்கம் திரும்பினோம். அப்பா மெதுவாகக் கேட்டார்.

"ஏப்பா, நீ வெங்காயமே தொடமாட்டியாமுல்ல?"

எனக்குக் கால் நின்றுவிட்டது. "யாரு சொன்னா?"

"காபி கொண்டாந்த ஆளுதான். 'ஒங்க சின்ன மொதலாளி மாதிரி ஆசாரமான மனுசனப் பாத்ததில்ல பெரியவரே, தனிக் கல்லுதான் அவருக்கு'ன்னாரு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"நானா? 'அந்த வீட்டுல அம்புட்டுப் பேரும் அப்படித்தான் சாமி. வெங்காயம் உரிச்ச கையோட நாங்க வாசப்படியவே தாண்ட முடியாது'ன்னேன்." சொல்லிவிட்டு அப்பா சிரித்தார் பாருங்கள், தெருவில் நின்று, துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்கச் சிரித்தார். முந்தின சனிக்கிழமை நான் கூடையைக் காலி செய்ததை உட்கார்ந்து பார்த்தவர் அவர். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. இரண்டு பேரும் பைத்தியம் மாதிரி நடுரோட்டில் சிரித்தோம்.

சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "காபி நல்லா இருந்துச்சுப்பா. கிளாஸத்தான் கழுவி வச்சிட்டுப் போகச் சொன்னாரு. கழுவிட்டேன்."

குறையாகச் சொல்லவில்லை. பஸ் நேரத்துக்கு வந்தது என்பதுபோலச் சொன்னார். எனக்கு ஆத்திரம் வந்தது. மாணிக்கம் அண்ணன் மேல் இல்லை, என் மேல். வேலியில் சிரட்டை செருகிய டீக்கடையை விட்டு ஓடிவந்து, படித்து, பரீட்சை எழுதி, நகரத்தில் மேஜை பிடித்து உட்கார்ந்த மகன், அப்பனை மறுபடியும் கழுவ வைத்துவிட்டான்.

மறுநாள் ஏழரைக்குப் போனேன். டம்ளர் கவிழ்ந்திருந்தது. உட்கார்ந்தேன். கேட்காமலே ரவா தோசை வந்தது. "மாணிக்கண்ணே, இத எடுத்துருங்க. வெங்காயம் போட்டு ஒண்ணு கொண்டாங்க" என்றேன்.

"என்ன மாப்ள, டாக்டர் கீக்டர் சொன்னாரா?" என்றார் பாலு.

"இல்லண்ணே. நேத்து வெளிய நின்னு காபி குடிச்சது எங்கப்பா" என்றேன்.

ஹெச்செம் சார் பொங்கலில் வைத்த கையை எடுக்கவில்லை. "அப்படியா. அதனால என்ன தம்பி. இந்தக் காலத்துல அதெல்லாம் யாரு பாக்குறா" என்றார். ரொம்ப மரியாதையாகச் சொன்னார். பிறகு எழுந்து கை கழுவப் போனார். ஏழு வருஷத்தில் அவர் பொங்கலை மிச்சம் வைத்து அன்றுதான் பார்த்தேன். மாணிக்கம் அண்ணன் உள்ளே திரும்பி ஆர்டர் சொன்னார். வழக்கமான குரலில் இல்லை, சொந்தக்காரன் வீட்டுச் சாவுச் சேதியைச் சொல்வதுபோலச் சொன்னார். ஆனியன் ரவாவைப் பற்றிக் கேட்கிறீர்களா? வெங்காயம் சரியாக வேகவில்லை. ஏழு வருஷம் ஏங்கியதற்கு இதுதானா என்று இருந்தது.

யாரும் என்னை ஒன்றும் சொல்லவில்லை. மதுரைக்காரர்கள் பண்பானவர்கள். அடுத்த வாரம் ஹெச்செம் சாருக்குச் சர்க்கரை கூடிவிட்டது, டாக்டர் வெளிச்சாப்பாட்டை நிறுத்தச் சொல்லிவிட்டார். ஏழு வருஷமாக மீறிய டாக்டரை அந்த வாரம் பார்த்துக் கேட்டுக்கொண்டார். பாலுவுக்கு மின்விசிறிக் காற்றில் சளி பிடிக்கிறதாம், ஐந்தாம் நம்பருக்குப் போய்விட்டார். போகும்போது "தப்பா நெனைக்காதீங்க சார்" என்றார். கவனித்தீர்களா, சார். மாப்ள போய் சார் வந்துவிட்டது. சர்க்கார் ஆபீஸில்கூட இவ்வளவு சீக்கிரம் பதவி உயர்வு கிடைக்காது. தலையங்கத் தாள் எந்தெந்த மேஜைக்கோ போனது. என்னிடம் வரவில்லை.

இதையெல்லாம்கூடத் தாங்கிக்கொண்டேன். ஒருநாள் மாணிக்கம் அண்ணன் என் முன்னால் வந்து, மேஜையைத் துடைத்தபடியே, முகத்தைப் பார்க்காமல் கேட்டார்:

"என்ன வேணும் சார்?"

அங்கேயே உட்கார்ந்து அழுதுவிடுவேன் போல இருந்தது. நினைத்ததைக் கேட்டுச் சாப்பிடலாம், பொங்கல், பூரி, எது வேண்டுமானாலும். ஏழு வருஷமாகக் கிடைக்காத சுதந்திரம். எனக்கு அது வேண்டாம். எனக்கு அந்த வெங்காயமில்லாத தோசை கேட்காமலே வர வேண்டும். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அன்றைக்கு அப்படித்தான் தோன்றியது.

ஆனால் போவதை நிறுத்தவில்லை. வீம்புதான். ஏழரை மணிக் கூட்டத்தில் ஆள் மேல் ஆள் காத்துநிற்க, நாலு நாற்காலி மேஜையில் நான் ஒருத்தன் கால் நீட்டி உட்கார்ந்து சாப்பிட்டேன். முதலாளி கல்லாவிலிருந்து என்னைப் பார்ப்பார், காலி நாற்காலி மூன்றையும் பார்ப்பார், பெருமூச்சு விடுவார். எழுந்து போ என்று சொல்லச் சட்டம் இடம் தராது. உட்காருங்கள் என்று மற்றவர்களிடம் சொல்ல அவருக்கு மனசு இடம் தராது.

கண் ஆபரேஷனுக்கு அப்பா மறுமாதம் வந்தபோது கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போனேன். "வேணாம்ப்பா, ஒனக்கு எதுக்கு வம்பு" என்று வாசலில் இடறினார். விடவில்லை. மூன்றாம் நம்பரில் உட்கார வைத்தேன். மற்ற மேஜைகளில் தோளோடு தோள் இடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள், சுவரோரம் பத்துப் பேர் நின்றார்கள். எங்கள் மேஜையில் இரண்டு நாற்காலி காலி. அப்பா சுற்றும்முற்றும் நிதானமாகப் பார்த்தார். மங்கிய கண் என்றாலும் பார்க்க வேண்டியதைப் பார்த்துவிட்டார். பிறகு எல்லோருக்கும் கேட்கிற மாதிரி உரக்கச் சொன்னார்:

"இம்புட்டுக் கூட்டத்துலயும் நமக்கு இம்புட்டு எடம் விட்டுருக்காகளே! மருதக்காரவுக மரியாத தெரிஞ்சவுகதாம்ப்பா."

ஐந்தாம் நம்பரில் பாலுவுக்குப் புரையேறியது. மாணிக்கம் அண்ணன் வந்து என்ன வேண்டும் என்று கேட்டார். "வெங்காயம் போட்டு என்ன இருக்கோ, அத எடுத்தாங்க தம்பி. நல்லா வேகட்டும்" என்றார் அப்பா. வந்ததை ருசித்துச் சாப்பிட்டார். காபி டவரா டம்ளரில்தான் வந்தது. குடித்துவிட்டு எழுந்தவர் டம்ளரையும் கையோடு எடுத்துக்கொண்டு குழாயைத் தேடினார். "அங்கயே வைங்கப்பா" என்றேன். "அப்படியே வச்சிட்டா வாரது?" என்று இரண்டு தடவை கேட்டு, வைத்துவிட்டு, வாசல் வரைக்கும் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தார்.

அதற்கப்புறம் ஒன்றரை வருஷத்தில் எனக்குத் திருமங்கலத்துக்கு மாற்றல் வந்தது. விலாஸில் யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை, யாரும் கேட்கவுமில்லை. ஹெச்செம் சார் இறந்ததைக் கண்ணீர் அஞ்சலி நோட்டீஸைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். பதினாறாம் நாள் காரியமும் முடிந்திருந்தது. ஏழு வருஷம் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டவனுக்கு ஒரு வார்த்தை சொல்லிவிட ஆளில்லை. அவர் மேல் எனக்குக் கோபம் இன்னும் தீரவில்லை. ஆனாலும் அன்று நோட்டீஸ் முன்னால் நின்று அழுதேன். ஒரு நாளாவது என்னைத் திட்டியிருந்தால் நானும் திருப்பித் திட்டியிருப்பேன், கணக்கு நேராகியிருக்கும். கடைசி வரைக்கும் அந்த மனுஷர் மரியாதையாகவே இருந்துவிட்டார்.

ரெட்ரோ ஹோட்டலிலிருந்து திரும்பும்போது மகள் கேட்டாள்: "நீங்க தெனமும் போவீங்களே ஒரு ஹோட்டல், அது எங்கப்பா இருந்துச்சு? காட்டுங்க."

மேலமாசி வீதிக்கு விடச் சொன்னேன். சந்துக்குள் கார் ஊர்ந்தது. எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. செல்போன் கடை, அதற்கு மேல் ஒரு செல்போன் கடை, செல்போனுக்கு உறை விற்கும் கடை. ஆறு மேஜையும் கல்லாவும் அடுப்பும் எந்தக் கடைக்குள் போய்ச் செத்தன என்று சொல்லத் தெரியவில்லை. இதுவா, அதுவா என்று தடுமாறினேன். சந்து முனையில் மட்டும் அந்தக் கல் இருந்தது. ரோடு உயர்ந்து உயர்ந்து பாதி புதைந்துபோய், யாரோ மஞ்சள் பெயிண்ட் அடித்து, இன்னும் நின்றுகொண்டிருந்தது.

"இங்கதான்" என்றேன்.

"ஹோட்டலா?"

"இல்ல. எங்கப்பா நின்ன எடம்."

மகள் காரை நிறுத்தினாள். பின்னால் ஆட்டோக்காரர் ஹாரன் அடித்தார். அவள் கல்லைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். "தாத்தா ஏம்ப்பா உள்ள வரல?"

விலாஸைச் சொல்லலாம். ஹெச்செம் சாரைச் சொல்லலாம். ஊரை, உலகத்தை, காலத்தைச் சொல்லலாம். எல்லாமே நிஜம்தான்.

"நான் கூப்பிடலம்மா" என்றேன்.